கம்பில் கட்டி வளர்த்த கன்று ஏன் காற்றில் சாய்ந்தது?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, இரண்டு வருடத்துக்கு முன் வீட்டு முன்னால் நான்கு புங்கனும் இரண்டு மகிழமும் வைத்தேன். ஆடு, மாடு, காற்று எல்லாவற்றுக்கும் பயந்து ஒவ்வொரு கன்றையும் மூங்கில் கம்பில் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினேன். எட்டடிக்கு மேல் வளர்ந்துவிட்டன. இந்த வைகாசியில் கம்புகள் கரையான் அரித்து ஒடிந்தன. அன்று ராத்திரி அடித்த காற்றில் மூன்று புங்கன் வில் போல வளைந்து தரையைத் தொட்டுவிட்டன. எதிர்வீட்டில் கட்டாமலே விட்ட புங்கன் அசையாமல் நிற்கிறது. காற்று பட்டால்தான் மரம் பலப்படும் என்கிறார்களே, உண்மையா? அமெரிக்காவில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்த மரங்கள் காற்றில்லாமல் விழுந்தனவாம், அதுவும் உண்மையா? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?"

தம்பி, காற்று பட்டால்தான் மரம் பலப்படும் என்பது உண்மைதான். உங்கள் புங்கனைச் சாய்த்தது அன்று ராத்திரி அடித்த காற்று மட்டும் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடம் காற்றே படாமல் வைத்திருந்ததும் சேர்ந்துதான் சாய்த்தது. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தில் கன்று நட்டும் நடச் சொல்லிக் கொடுத்தும் வருகிறேன். நான் பார்த்த தவறுகளில் மிக அதிகமானது இதுதான், அதுவும் அக்கறையுள்ளவர்கள் செய்கிற தவறு. அக்கறையில்லாதவர் கட்டவே மாட்டார், அவர் கன்று பிழைத்துக்கொள்ளும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வளைந்த கன்று ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, அடியிலிருந்து மேல்வரை தண்டை விரலால் பிடித்துப் பாருங்கள். தரையிலிருந்து மேல்கட்டு வரைக்கும் தடிமன் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், குழாய் மாதிரி. மேல்கட்டுக்கு மேலே சட்டென்று பருத்திருக்கும். நைலான் கயிறாக இருந்தால் கட்டிய இடத்தில் பட்டை உள்வாங்கிப் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்துக்கு மேலே புடைத்திருப்பதில் ஒரு பங்கு கயிற்றின் வேலை. இலையில் தயாரான சர்க்கரை பட்டை வழியாகக் கீழே இறங்கும்போது கயிறு நெரித்து, மேலேயே தேங்கிவிடுகிறது. மீதிப் பங்கு காற்றின் வேலை. கட்டுக்கு மேலே இருந்த பகுதிதான் ஆடியது, ஆடிய பகுதிதான் பருத்தது. கீழே இருந்த பகுதிக்கு ஆட வாய்ப்பே இல்லை.

இப்போது எதிர்வீட்டுப் புங்கனைப் பாருங்கள். உயரம் உங்களுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அடி பருத்து, மேலே போகப் போக மெலிந்து, உலக்கை மாதிரி இல்லாமல் சாட்டைக்கம்பு வடிவத்துக்கு வந்திருக்கும். காற்று உச்சியைத் தள்ளும்போது அதன் முழுப் பாரமும் வந்து இறங்குகிற இடம் அடித்தண்டு. எங்கே அதிகம் வளைகிறதோ அங்கே அதிகம் மரம் போட வேண்டும் என்பது கன்றுக்குத் தெரிகிறது. கட்டி வைத்த கன்றுக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. வளைவு இல்லாததால் அடித்தண்டுக்குச் செலவழிக்காமல், கிடைத்ததையெல்லாம் உயரத்தில் போட்டுவிட்டது. எட்டடி வளர்ந்ததைப் பார்த்து நாமும் சந்தோஷப்பட்டுவிட்டோம்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் தாமஸ் நைட் என்ற இங்கிலாந்துக்காரர். ஆப்பிள் கன்றுகளைக் கட்டிவைத்துப் பார்த்து, 1803-இல் எழுதி வெளியிட்டார். சில கன்றுகளின் கீழ் மூன்றடியை அசையாமல் கட்டி, உச்சியை மட்டும் ஆட விட்டார். ஆடிய மேல்பகுதி நன்றாகப் பருத்தது, கட்டிய கீழ்ப்பகுதி கொஞ்சம்தான் பருத்தது. உங்கள் வீட்டு வாசலில் நடந்ததேதான். அதோடு விடாமல், ஒரு கன்றை வடக்கு தெற்காக மட்டும் ஆடும்படி, கிழக்கு மேற்காக அசைய முடியாதபடி கட்டினார். அந்த வருட இலையுதிர் காலத்தில் அளந்தபோது வடக்கு தெற்கு விட்டம் 13 பங்கு என்றால், கிழக்கு மேற்கு விட்டம் 11 பங்கு. வட்டமாக இருக்க வேண்டிய தண்டு, ஆடிய திசையில் நீண்டு முட்டை வடிவமாகிவிட்டது. இருநூறு வருடத்துக்கு முன், ஒரு கயிறும் அளவுகோலும் வைத்துச் செய்த வேலை இது.

1971-இல் அமெரிக்காவில் நீல், ஹாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காற்றில்லாத பசுமைக்குடிலுக்குள் லிக்விடாம்பார் என்ற மரத்தின் கன்றுகளை நாளுக்கு 30 விநாடி மட்டும் குலுக்கினார்கள். 27 நாளில், குலுக்கிய கன்றுகள் குலுக்காதவை வளர்ந்த உயரத்தில் 20 முதல் 30 சதவீதம்தான் வளர்ந்திருந்தன. நாளில் அரை நிமிடம்! அதற்கு இரண்டு வருடம் கழித்து ஜாஃபே என்பவர், தொட்டாலும் தடவினாலும் செடிகள் வளர்ச்சியை மாற்றிக்கொள்வதைக் காட்டி, இதற்குத் 'திக்மோமார்ஃபோஜெனிசிஸ்' என்று பெயர் வைத்தார். நாம் 'தொடுவடிவ வளர்ச்சி' என்று சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்ட அமெரிக்கக் கண்ணாடி வீடு அரிசோனாவில் உள்ள பயோஸ்பியர் 2. 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே விட்டுப் பூட்டி, இரண்டு வருடம் நடத்திய சோதனை அது. உள்ளே மரங்கள் நெட்டையாகவும் பலமில்லாமலும் வளர்ந்தது உண்மை. காற்று ஆட்டாததால் மரம் உறுதிப்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் மரங்கள் எல்லாம் விழுந்துவிட்டன, காரணம் காற்று மட்டும்தான் என்று வீடியோக்களில் சொல்வது மிகைப்படுத்தல். அந்தக் கண்ணாடியும் இரும்புச் சட்டமும் வெயிலில் ஏறக்குறைய பாதியைத் தடுத்தன. வெளிச்சம் குறைந்தால் எந்தச் செடியும் நெட்டையாக ஓடும். வராந்தா மூலையில் வைத்த ரோஜாத் தொட்டியைப் பார்த்தாலே தெரியும். இரண்டு காரணமும் சேர்ந்துதான் அந்த மரங்களைக் கெடுத்தன.

சரி, மரத்துக்குள்ளே என்ன நடக்கிறது? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்று ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. புதிதாகக் கட்டை உருவாவது அங்கேதான். தண்டு வளையும்போது அந்த அடுக்கின் செல்கள் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அழுந்தும். உடனே செல்லுக்குள் கால்சியம் பாயும், தொடுகைக்கென்றே உள்ள மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், எத்திலீன் கூடும். பழம் பழுக்க வைக்கிற அதே எத்திலீன்தான். நீளமாக வளர்வது குறைந்து பக்கவாட்டில் பருப்பது கூடும். மரம் உணர்வது காற்றை இல்லை, தன் உடம்பு வளைகிற வளைவை. அதனால்தான் கையால் ஆட்டினாலும் அதே பலன் கிடைக்கிறது.

கொஞ்சம் பருத்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கலாம். தண்டின் முறியாத் திறன் அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. விட்டம் 4 செ.மீ. இருந்தது 5 செ.மீ. ஆனால் திறன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காற்றுப் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு. இலைகள் சுருண்டு, கிளைகள் பின்வாங்கி அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். மீதியைத் தண்டுதான் தாங்க வேண்டும். உங்கள் கன்றுகளுக்கு ஒரு விரற்கடைத் தடிமன்தான் குறைந்தது. அதற்குள் இவ்வளவும் இருந்தது.

சாய்ந்த மரம் செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. இலை அகன்ற நம்மூர் மரங்கள் சாய்ந்தால், சாய்வின் மேல்பக்கத்தில் ஒரு தனி வகைக் கட்டையைப் போட்டு, கயிறு கட்டி இழுப்பது போல உடம்பைத் திரும்ப நிமிர்த்தப் பார்க்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் அடிப்பக்கத்தில் போட்டு, முட்டுக் கொடுத்துத் தள்ளும். காட்பாடி பக்கம் மர அறுவை மில்லில் நிற்கும்போது ஒருநாள் சாய்ந்து வளர்ந்த வேங்கைக் கட்டை ஒன்று ரம்பத்துக்கு வந்தது. குறுக்கு வெட்டில் நடுக்குருத்து நடுவில் இல்லை, ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. மேல்பக்கம் மூன்று விரல் அகலம், கீழ்ப்பக்கம் ஒரு விரல்தான். ரம்பம் அந்த மேல்பக்கத்துக்கு வந்ததும் இறுகியது. அறுத்த பலகை வழவழப்பாக வராமல், நாய்க்குட்டி மயிர் மாதிரி நார் நாராக எழும்பி நின்றது. "இது இழுத்த கட்டைங்க, பலகைக்கு ஆவாது, கோணிக்கும்" என்றார் மில் அண்ணன். பாடப்புத்தகத்தில் இழுவிசைக் கட்டை என்று படித்ததை அன்றுதான் கையால் தடவிப் பார்த்தேன்.

மண்ணுக்கு மேலே நடப்பதில் பாதிக் கதைதான் இருக்கிறது. ஆடுகிற மரத்தின் வேரும் அதற்கேற்ப மாறும். காற்று வரும் பக்கத்திலும், காற்று போகும் பக்கத்திலும் வேர்கள் கூடுதலாகப் பருக்கும். தண்டுக்குப் பக்கத்தில் உள்ள பக்கவேர்கள் உருண்டையாக இல்லாமல் மேலும் கீழும் தடித்து, ரயில் தண்டவாளத்தின் வெட்டுத்தோற்றத்துக்கு வந்துவிடும். வளைவைத் தாங்க அதைவிடச் சிக்கனமான வடிவம் இல்லை. பழைய புளியமரத்தின் அடியில் நாம் உட்கார்ந்து சாய்ந்துகொள்கிறோமே, அந்த முண்டும் முடிச்சுமான வேர்த்திண்டுகளில் பல வருடக் காற்று இருக்கிறது.

தென்னைக்கும் பனைக்கும் இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அவற்றுக்குக் கேம்பியம் கிடையாது. புங்கனும் வேம்பும் போல வருடா வருடம் பருத்துக்கொண்டே போக முடியாது. அவை இருக்கிற தண்டையே வெளிப்பக்கமாக வைரம் ஏற்றிக்கொள்ளும், உள்ளே சோறு மாதிரி மெத்தென்று விட்டுவிடும். கிளை கிடையாது, மட்டை காற்றின் திசையில் மடங்கிக்கொள்ளும். இவ்வளவு இருந்தும் 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. எவ்வளவு பழகிய மரமாக இருந்தாலும் தாங்குவதற்கு ஒரு வரம்பு உண்டு.

நம் வேலூர்ப் பக்கம் கடலோரம் இல்லை. சென்னைக்கு வருகிற புயல் இங்கே வரும்போது பெரும்பாலும் மழையாகத் தணிந்துவிடும். நம் மரங்களுக்கு இரண்டு காற்று முக்கியம். ஒன்று ஆடிக்காற்று, அம்மியையே பறக்க வைப்பதாகப் பழமொழி சொல்கிற காற்று. ஆனியில் தொடங்கி, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வாரக்கணக்கில் விடாமல் வீசும். மரத்துக்கு இதுதான் வாத்தியார். பிரான்சு நாட்டில் பாப்லர் கன்றுகளையும் பீச் (beech) என்ற காட்டு மரங்களையும் வைத்து ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். ஒரே அளவில் திரும்பத் திரும்ப வளைத்தால் மரம் பழகிக்கொள்கிறது, அதற்காகப் புதிதாகப் பருப்பதில்லை. வழக்கத்தைவிடப் பலமாக வளைத்தால்தான் கட்டை கூட்டுகிறது. அன்றாடத் தென்றலுக்கெல்லாம் செலவு செய்துகொண்டிருந்தால் வளர முடியாதே. ஆடிக்காற்று அந்த வழக்கத்துக்கு மேலான காற்று. ஒரு ஆடியைக் கட்டில்லாமல் கடந்த கன்றை நான் பிறகு கவலைப்பட்டுப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, சித்திரை வைகாசியில் சாயங்காலம் இடிமழைக்கு முன்னால் திடீரென்று வருகிற சூறை. மேகம் கறுத்து, புழுதி எழுந்து, பத்து இருபது நிமிடம் எந்தத் திசை என்றே தெரியாமல் அடிக்கும். அது சொல்லிக்கொடுக்க வருவதில்லை, பரீட்சை வைக்க வருகிறது. உங்கள் கன்று பாடமே படிக்காமல் அதற்குள் போய் உட்கார்ந்தது.

பழகிய காற்றுக்குத்தான் மரம் பலமாக இருக்கும் என்பதைப் பெரிய மரங்களிலும் பார்க்கலாம். சவுக்குத் தோப்பில் ஓரத்து வரிசை குட்டையாகப் பருத்திருக்கும், உள்வரிசைகள் கம்பு மாதிரி நேராக நெட்டையாக இருக்கும். உள்ளே காற்று நுழையாததும், வெளிச்சத்துக்குப் போட்டி போடுவதும் காரணம். கம்புக்காக வளர்ப்பவர் அதைத்தான் விரும்புவார். ஆனால் ஓரத்து வரிசையை மட்டும் முதலில் வெட்டி விற்றுவிட்டால், அடுத்த காற்றில் உள்வரிசை சாயும். சாலை அகலப்படுத்தும்போது ஒரு பக்கப் புளியமரங்களை எடுத்துவிட்டு மறுபக்கத்தை விடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. வேரையும் ஒரு பக்கம் வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏலகிரிக்குப் போனால் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். மடுவுக்குள் ஒதுங்கிய மரம் உயர்ந்து நிற்கும், காற்று நேராக அடிக்கிற பாறை விளிம்பில் அதே இன மரம் குட்டையாக, கிளைகள் ஒரு பக்கமாகச் சீவிவிட்ட மாதிரி நிற்கும். பாறை மேல் மண்ணும் ஈரமும் குறைவு என்பதும் அந்தக் குட்டைக்குக் காரணம்தான், எல்லாவற்றையும் காற்றின் கணக்கில் எழுத முடியாது. காற்று நல்லது மட்டும் செய்வதும் இல்லை. நம்மூர் அக்கினி நட்சத்திர வெயிலில் வீசும் காய்ந்த காற்று இளங்கன்றின் இலையிலிருந்து வேர் கொடுக்கிற வேகத்தைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சிவிடும். மாம்பிஞ்சை உதிர்க்கும். அதனால் தோட்டத்துக்கு மேற்கே ஒரு வரிசை மரம் தடுப்பாக இருப்பது நல்லது. காற்றின் வேகத்தைத் தணிக்கிற இலைத்தடுப்பு வேண்டும், அடியோடு நிறுத்துகிற சுவர் வேண்டாம். சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று இறங்கி அங்கே உள்ளதைக் கலைத்துவிடும்.

இனி உங்கள் வேலை. நின்றுகொண்டிருக்கும் ஒரு புங்கனிலிருந்தும் இரண்டு மகிழத்திலிருந்தும் பழைய கயிறுகளை இன்றே அறுத்துவிடுங்கள். ஆனால் கட்டே இல்லாமல் ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள், அவையும் சாயும். தண்டைக் கையால் பிடித்து, கையை மெதுவாக மேலே நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த உயரத்தில் பிடித்தால் உச்சி தானாக நிமிர்ந்து நிற்கிறதோ, அதற்கு ஒரு சாண் மேலே ஒரே ஒரு கட்டு போதும். கம்பைத் தண்டோடு ஒட்டி நடக் கூடாது. தண்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி இரண்டு கம்பு நட்டு, பழைய வேட்டிக் கிழிசலையோ சைக்கிள் டியூபையோ எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். உச்சியைத் தள்ளினால் அடித்தண்டு வரைக்கும் ஆட வேண்டும், கம்பில் உரசக் கூடாது. மாதம் ஒருமுறை அந்தக் கட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அடுத்த ஆடிக்குள் கட்டே இல்லாமல் நிற்க வேண்டும்.

அடித்தண்டில் முளைக்கிற சின்னக் கிளைகளைச் சுத்தமாக இருக்கட்டும் என்று சீவிவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த இலைகள் தயாரிக்கிற உணவு பக்கத்துத் தண்டுக்குத்தான் முதலில் போகும், அடி பருக்க அதுவும் உதவும். ஒரு முழத்துக்கு மேல் நீளாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டு, இரண்டு மூன்று வருடம் விட்டுவையுங்கள். உச்சியில் மட்டும் குடை மாதிரி இலை இருந்தால் காற்றுக்கு அது கப்பல் பாய் மாதிரி.

தண்ணீரை அடியிலேயே குடம் குடமாக ஊற்றாதீர்கள். கிளை நுனி நிழல் விழுகிற வட்டத்தில் ஊற்றினால்தான் வேர் அகலமாகப் போகும். நர்சரிப் பையில் அதிக நாள் இருந்து வேர் சுருண்ட கன்றாக இருந்தாலும் பிற்காலத்தில் அடியோடு சாயும். அடிமண்ணைக் கொஞ்சம் விலக்கி, தண்டைச் சுற்றிக்கொண்டு ஏதாவது வேர் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

தரையைத் தொட்ட மூன்று புங்கனையும் நிமிர்த்திக் கட்டத்தான் மனசு வரும். ஆனால் அந்தக் குழாய்த் தண்டைக் காப்பாற்றுவதைவிட வெட்டிவிடுவது மேல் என்பது என் அபிப்பிராயம். புங்கன் வெட்டினால் நன்றாகத் தழைக்கிற மரம் (மகிழத்தில் இதைச் செய்துவிடாதீர்கள், அது மிகவும் மெதுவாக வளரும்). இரண்டு வருடத்து வேர் கீழே பத்திரமாக இருக்கிறது. தரையிலிருந்து ஒரு அடி விட்டு, கூரான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். சில வாரத்தில் ஏழெட்டுத் தளிர் வரும். ஒரு சாண் வளர விட்டு, மேற்குப் பக்கம், அதாவது ஆடிக்காற்று வருகிற பக்கம், கிளம்பிய நல்ல தளிர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கிழக்குப் பக்கத் தளிரைக் காற்று கட்டையிலிருந்து பிய்த்து எடுக்கும். மேற்குப் பக்கத் தளிரைக் கட்டையோடு சேர்த்து அழுத்தும். அதை எதிலும் கட்ட வேண்டாம். ஆட்டுக்குப் பயமாக இருந்தால் இரண்டடி தள்ளி முள்வேலி போடுங்கள்.